ஏழாம் மாதத் தலைவலியும் 160/110 என்ற எண்ணும்

கேரளத்தின் இடுக்கி மலையில் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, குமுளிப் பக்கத்து எஸ்டேட் வீடுகளில் முதல் பிரசவம் என்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணைக் கீழே அழைத்துப் போவார்கள். கீழே என்றால் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் கூடலூர், கம்பம், சின்னமனூர். மூணாறு பக்கத்துக்காரர்கள் போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்குவார்கள். சில வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கும்: கீழே வாழ்க்கைப்பட்டவள் பிரசவத்துக்கு மேலே அம்மா இருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வருவாள். எப்படியானாலும் நடுவில் ஒரு செக்போஸ்ட் உண்டு.

கர்ப்பகால ரத்த அழுத்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இதே ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்களில்தான். அதுவரை ஒரே ஆஷாவும் (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) ஒரே நர்ஸும் பார்த்து எழுதிவைத்த பிரஷர் கணக்கு ஒரு மாநிலத்தில் நின்றுவிட, பெண் மட்டும் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறாள். புது ஆஸ்பத்திரியில் 138/88 என்று காட்டினால், "மலை இறங்கி வந்த களைப்பு, பரவாயில்லை" என்று விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. இரண்டு மாதம் முன்பு அவளுக்கு 100/60 இருந்தது என்று தெரிந்த ஒருவர் அதே எண்ணைப் பார்த்தால் அப்படி விடமாட்டார். இரண்டு நாளில் மறுபடி வரச் சொல்வார். பிரஷரைப் பொறுத்தவரை இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும். அதனால் நோயைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாய்-சேய் அட்டையும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டுகளும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வளைகாப்புச் சீர்வரிசையோடு சேர்ந்து போகட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக் கணவன், அம்மா இருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

சரி, இது என்ன நோய்?

கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பைச் சுவரில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்துகொடுக்க வேண்டும். அப்போதுதான் வளரும் குழந்தைக்குத் தேவையான ரத்தம் நஞ்சுக்கொடிக்குப் போய்ச் சேரும். சிலருக்கு அந்தக் குழாய்கள் சரியாக விரிவதில்லை. மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு ஹோஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவார்களே, இரண்டு வீட்டுக்குப் போட்ட மெல்லிய ஹோஸிலேயே இருபது வீட்டுக்கும் தண்ணீர் கேட்டால் எப்படி இருக்கும், அந்த நிலைமைதான். ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை உடம்பெங்கும் ஓடும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் ஏறுகிறது. சுவர் கசிகிறது, முகமும் கையும் வீங்குகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்குகிறது. ஈரல், மூளை, கண், நுரையீரல் என எந்த உறுப்பும் தப்பாது. மருத்துவர்கள் இதைப் ப்ரீ-எக்ளாம்ப்சியா என்கிறார்கள். வலிப்பு வந்துவிட்டால் எக்ளாம்ப்சியா.

அதாவது பிரஷர் ஏறுவது வெளியே தெரியும் அடையாளம் மட்டும்தான். நோய் அதைவிடப் பெரியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரஷர் ஏறியது தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஊறுகாய் தின்றாள், கோபப்பட்டாள், கவலைப்பட்டாள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இவை எதுவும் காரணமில்லை. உப்பைக் குறைப்பதாலோ முழுநேரமும் படுத்தே கிடப்பதாலோ இந்த நோய் வராமல் தடுக்கப்படும் என்பதற்கும் ஆதாரமில்லை. கால் வீக்கத்துக்குப் பார்லித் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டுப் பிரஷர் பார்க்கப் போகாமல் இருப்பது ஆபத்து.

முதல் கர்ப்பத்திலும் இரட்டைக் குழந்தை இருந்தாலும் இது வரும் வாய்ப்பு கூடுதல். முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்தவர், ஏற்கெனவே பிரஷரோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர், உடல் எடை மிகுந்தவர், 35 வயதைத் தாண்டியவர், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இது வந்திருந்தவர் ஆகியோரும் முதல் செக்கப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஏன் முதல் செக்கப்? இப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுப்பதுண்டு. அதை 12 வாரத்துக்கு மேல், 16 வாரம் ஆவதற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஐந்தாம் மாதத்தில் போய் அட்டை போட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை கொடுக்கும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருப்பவர்களுக்கு அது இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எண்களைப் படிக்கும் விதம்

இருபது வாரம் கடந்தபின், அதாவது ஐந்தாம் மாதத்துக்கு மேல், மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டால் கவனிக்க வேண்டும். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்தம். கூடவே சிறுநீரில் ஆல்புமின் இருந்தாலோ, வேறு உறுப்புகள் பாதிக்கப்பட்ட அடையாளம் இருந்தாலோ ப்ரீ-எக்ளாம்ப்சியா. "ஆல்புமின் இல்லை, அதனால் பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஆல்புமின் இல்லாமலேயே ஈரலும், ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகளும் கெடுவதுண்டு.

மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110. இதைத் தொட்டுவிட்டால் நான்கு மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போய்விட வேண்டும். மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் ஆபத்து இந்த எல்லையைத் தாண்டும்போதுதான் கூடுகிறது. தலைவலி இல்லை, நன்றாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் காத்திருக்கக் காரணமாகாது. இரண்டு எண்ணும் ஏற வேண்டும் என்பதில்லை, ஒன்று ஏறினாலே போதும்.

பிரஷர் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கொழுந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மேடேறி மூச்சு வாங்க வந்தவரை உடனே உட்காரவைத்துப் பார்த்தால் எண் தப்பாக வரும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். தடித்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். வீட்டில் பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் அதை ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அங்குள்ள மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு இந்தச் செக்கப்பே பெரிய பாடு. ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கென்று தனியாக முகாம் நடக்கிறது. 2016 முதல் நாடு முழுவதும் உள்ள ஏற்பாடு இது. அந்த ஒரு நாளையாவது தோட்டத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். ஆனால் ஏழாம் மாதத்துக்கு மேல் மாதம் ஒருமுறை பார்த்தால் போதாது. பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மட்டும் பார்த்து எழுதி வாங்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.

பித்தம், கேஸ், மலைப்பாதை

இந்த நோயின் கடுமையான அறிகுறிகள் எல்லாமே வேறு ஏதோ ஒன்றைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. இங்கேதான் நாம் அதிகம் கோட்டைவிடுகிறோம்.

தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். குமுளி மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி வந்த எவருக்கும் தலை வலிக்கும், குமட்டும். தைலம் தடவி, வெந்நீர் குடித்து, ஒரு தூக்கம் போட்டால் அது போய்விடும். ப்ரீ-எக்ளாம்ப்சியாவின் தலைவலி அப்படிப் போகாது. பாராசிட்டமால் போட்டும் அடங்காமல் நெற்றியிலோ பின்மண்டையிலோ விண்விண்ணென்று தெறிக்கும். கூடவே கண்ணில் பூச்சி பறப்பது, மின்னல் போல் வெட்டுவது, மங்கலாகத் தெரிவது, கொஞ்ச நேரம் பார்வையே இல்லாமல் போவது என்றெல்லாம் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, கிளம்ப வேண்டியதுதான்.

அடுத்தது வயிறு. நெஞ்சுக்குழிக்குக் கீழே, அல்லது வலது விலாவுக்கு அடியில் வலி. எல்லோரும் கேஸ் என்பார்கள். ஓமத்தண்ணீர், இஞ்சிச்சாறு, சோடா, ஜெலுசில் என்று ராத்திரி முழுக்க வைத்தியம் நடக்கும். உண்மையில் அங்கே வீங்கிக்கொண்டிருப்பது ஈரலாக இருக்கலாம். ஹெல்ப் (HELLP) சின்ட்ரோம் என்று ஒன்று உண்டு. 1982-இல் லூயி வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். சிவப்பணுக்கள் உடைவது, ஈரல் நொதிகள் எகிறுவது, ரத்தத்தட்டுகள் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நிலை அது. ரத்தத்தட்டுகள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் நோய் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம்; ரத்தம் உறைவது சிரமமாகும். இதில் வஞ்சகம் என்னவென்றால், பிரஷர் அவ்வளவு ஏறாமலேயே சிலருக்கு இது வந்துவிடுகிறது. அதனால் ஏழாம் மாதத்துக்கு மேல் மேல்வயிறு வலித்து வாந்தியும் வந்தால், பிரஷர் சரியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

கால் வீக்கம் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு அது சாதாரணமாக வருவதுதான். முகம் உப்புவது, மோதிரமும் வளையலும் திடீரென்று இறுகுவது, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது ஆகியவை வேறு கதை. படுத்தால் மூச்சு முட்டுவது நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டலாம். வயிறு கல் போல் இறுகி வலியோடு ரத்தம் பட்டால் நஞ்சுக்கொடி பிரிந்திருக்கக்கூடும். குழந்தையின் அசைவு குறைந்தாலும் காத்திருக்காதீர்கள்.

கேரள ஆஸ்பத்திரியில் மலையாளம் சரியாகப் பேச வராது என்று கூச்சப்பட்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழ் புரியாத நர்ஸைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழிலேயே சொல்லுங்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

முதல் வேலை பிரஷரை இறக்குவது. லேபட்டலால் ஊசி, ஹைட்ரலசின் ஊசி, நிஃபெடிபின் மாத்திரை ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். லேபட்டலால் அவர்களுக்கு ஆகாது. ஒரேயடியாக 120/80-க்குக் கொண்டுவர மாட்டார்கள். வேகமாக இறக்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். அதனால் 140, 150 அளவில் நிறுத்துவார்கள். "இன்னும் நார்மல் ஆகலையே" என்று டாக்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது மக்னீசியம் சல்பேட். கடையில் எப்சம் உப்பு என்று விற்கும் அதே பொருள்தான், ஊசி மருந்தாக வருகிறது. இது பிரஷர் மருந்து அல்ல; வலிப்பைத் தடுக்கவும் வந்த வலிப்பை நிறுத்தவும் தருவது. 2002-இல் வெளியான மாக்பை ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கெடுத்தார்கள். இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று அதில் தெரிந்தது. விலை குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் இரண்டு பிட்டத்திலும் ஐந்து ஐந்து கிராம் என்று மொத்தம் பத்து கிராம் போடுவது நம் நாட்டு நடைமுறை. ஊசி வலிக்கும், உடம்பெல்லாம் குப்பென்று சூடேறும். பயப்பட வேண்டாம். அளவு கூடினால் மட்டும் மூச்சு மந்தமாகும். அதனால்தான் நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும் மூச்சை எண்ணுவதும் சிறுநீரை அளப்பதும். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு மாநிலத்து ஆஸ்பத்திரி முதல் ஊசியைப் போட்டு, அடுத்த மாநிலத்து ஆஸ்பத்திரி பெண்ணை வாங்கிக்கொள்ளும்போது, "என்ன கொடுத்தார்கள், எப்போது" என்பதுதான் முதல் கேள்வி. பதில் இல்லையென்றால் ஒன்று, ஏற்கெனவே போட்டதைத் திரும்பப் போடுவார்கள். அல்லது போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் போடாமல் விடுவார்கள். இரண்டுமே கெடுதல். ரெஃபர் செய்தவுடன் பதறிக்கொண்டு தூக்கி ஓடாமல், மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், கடைசியாகப் பார்த்த பிரஷர் நான்கையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாவது பிரசவம். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் அடங்கத் தொடங்கும். கடுமையான அறிகுறிகள் இருந்தால் 34 வாரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். இல்லையென்றால் 37 வாரம் வரை கண்காணிப்பில் வைத்துப் பார்ப்பார்கள். 34 வாரத்துக்கு முன்பே எடுக்க வேண்டியிருந்தால் குழந்தையின் நுரையீரல் தேற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வாரமானாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். சிசேரியன்தான் வழி என்றில்லை. வலி வரவைத்துச் சுகப்பிரசவமும் நடக்கும். நாள் நட்சத்திரம் பார்த்து இரண்டு நாள் தள்ளிப்போடக் கேட்கும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வழியில்

குமுளியிலிருந்து தேனி சுமார் 60 கிலோமீட்டர். கோட்டயம் நூறுக்கு மேல். எந்தப் பக்கம் போவது என்பதை அந்த நேரத்தில் சொந்தக்காரர்களைக் கூட்டி விவாதிக்க முடியாது. ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு நான்கும் எங்கே பக்கத்தில் கிடைக்குமோ அங்கே போக வேண்டும். எட்டாம் மாதத்திலேயே ஆஷாவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு முடிவுசெய்து வையுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் 2011-இலிருந்து ஜே.எஸ்.எஸ்.கே. (ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்) திட்டத்தில் இலவசம். எல்லையோரத்தில் போன் சில சமயம் அடுத்த மாநிலத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். 108-க்குக் கூப்பிட்டால் எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், எஸ்டேட், டிவிஷன் என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். வண்டியில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கம் திருப்பிப் படுக்கவையுங்கள், தலை இடிபடாமல் துணி வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். நின்றபின் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அடுத்தது எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஐந்தாம் மாதத்துக்கு மேல் ஒரு கர்ப்பிணிக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை எக்ளாம்ப்சியா என்றே நடத்துவார்கள். பேய், காத்துக்கருப்பு என்று கோடாங்கியைத் தேடிப் போகும் நேரத்தில் பாதி மலை இறங்கிவிடலாம்.

2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் ஒவ்வொரு தாயின் இறப்பையும், யார் எந்த ஆஸ்பத்திரி என்ற அடையாளம் இல்லாமல், ஏன் நடந்தது என்று அலசி வருகிறது. அதில் ரத்தப்போக்குக்குப் பக்கத்திலேயே நிற்கும் காரணம் இந்த ரத்த அழுத்தம்தான்.

பிள்ளை பிறந்த பிறகு

குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். ஆனால் பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போவது பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். பலர் டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்து சேரும் நேரமும் அதுதான். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும் என்றாலும், ஆறு வாரம் வரை அந்தக் கண்டம் முழுதாக நீங்குவதில்லை. சிசேரியன் ஆனவருக்குத் தலை வலித்தால், "முதுகில் போட்ட ஊசியால்" என்று சொல்லிவிடுவார்கள். அதுவாகவும் இருக்கலாம். பிரஷர் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லட்டும். கடுமையான பிரஷர் இருந்தவருக்கு வீடு வந்தபின் மூன்று நாளுக்குள் ஒருமுறையும், ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே பால் கொடுக்கலாம். லேகியம் சாப்பிடுவதால் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கைக்குழந்தையோடு மறுபடி மலை ஏறும்போது டிஸ்சார்ஜ் சீட்டும் கூடவே ஏறட்டும். இந்த நோய் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரலாம். பின்னாளில் நிரந்தரப் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். வருடம் ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். அப்படி நிரந்தரமாக மாத்திரை சாப்பிட நேர்ந்து, அது லோசார்டன், டெல்மிசார்டன், எனாலாப்ரில், ராமிப்ரில் வகையாக இருந்தால், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தை அவை பாதிக்கும். திட்டமிடாமலே நாள் தள்ளிப்போயிருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு உட்காராதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டினால் மெத்தில்டோபா, லேபட்டலால், நிஃபெடிபின் இவற்றில் ஒன்றுக்கு மாற்றித் தருவார்கள்.